'முள்ளைப் பாரு கண்ணு!' - பனிக்காலம் முழுக்கத் தூங்கிய புல்லட்டை எழுப்பிய மகள்

ஊட்டிக்குச் சுற்றுலா வருபவர்களுக்கு உறைபனி என்பது செல்போனில் படம் எடுக்கும் சமாச்சாரம். காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் பார்க்க, விடிவதற்கு முன்பே கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்குப் பனி வேறு முகம் காட்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் தலைக்கு எண்ணெய். தேயிலையும் மலைக்காய்கறியும் கருகிவிடுமோ என்ற கவலை. வாசலில் பழைய பைக் நிற்கும் வீடுகளில் தினமும் காலையில் ஒரு கேள்வி: 'இன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகுமா?'

அப்படி ஒரு வீடு காந்தல் பக்கம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வயது 66. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தகரக் கொட்டகையில் நிற்பது 1986 மாடல் புல்லட், 350 சிசி. 1994-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. தென்மேற்குப் பருவமழையில் எமரால்டு, அவலாஞ்சி பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்தால், நடு ராத்திரியில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு இந்த வண்டியில்தான் போவார். மகனைப் பள்ளியில் சேர்க்கப் போனதும், மகள் பிறந்தபோது மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் இதே வண்டிதான். 

அந்த வண்டியை விற்றுவிடலாம் என்று சென்ற பனிக்காலத்தில் அவர் முடிவு செய்தார்.

மூன்று மாதத் தூக்கம்

காரணம், வலது முழங்கால். பல வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்த மூட்டுக்கு நவம்பரில் கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. மூட்டையே மாற்றிவிட்டார்கள். குளிரில் வலி கூடும் என்பதால் அவரும் மனைவியும் மகன் வீட்டிலேயே மூன்று மாதம் தங்கிவிட்டார்கள். ஊட்டி வீட்டில் மகள் மட்டும். அவருக்கு 26 வயது, வங்கியில் வேலை. போக வர ஸ்கூட்டர் இருந்ததால், கொட்டகையில் நின்ற புல்லட்டின் பக்கம் அவர் போகவே இல்லை.

கடைசி செக்கப்பில் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், ஆனால் கிக்கர் உதைக்கிற வேலை மட்டும் இனி கூடவே கூடாது.

புல்லட் ஓட்டியவர்களுக்கு அந்த வார்த்தையின் எடை புரியும். இப்போது வரும் புல்லட்டுகளில் கிக்கரே கிடையாது. பட்டனைத் தொட்டால் போதும். 1986 மாடலுக்கு அந்த வசதி இல்லை. கிக்கர் இருப்பது வலது பக்கம். உதைக்க வேண்டியதும் வலது கால். சரியாக உதைக்காவிட்டால் என்ஜின் திருப்பி உதைக்கும். பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்கு முன்பே பெட்ரோல் எரிந்தால், அந்த விசை முழுவதும் கிக்கர் வழியாகக் காலுக்கு வரும். நல்ல காலுக்கே கணுக்கால் பிசகும். மாற்று மூட்டு வைத்த கால் எப்படித் தாங்கும்?

இன்னொரு செலவும் வரிசையில் நின்றது. 15 ஆண்டுகள் முடிந்த வண்டிக்கு ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஆண்டு மறுபடி அந்த முறை. 'ஓட்ட முடியாத வண்டிக்கு எதுக்கு ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு அலையணும்' என்று அவரே முடிவெடுத்தார். மகன் மூலமாகக் கோயம்புத்தூரில் ஓர் ஆள் கிடைத்தார். முப்பது வயது இளைஞர், பழைய புல்லட் மேல் ஆசை உள்ளவர். விலை பேசியாகிவிட்டது. அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனைதான்.

"ஞாயித்துக்கிழமை காலைல நேர்ல வர்றேன் சார். என் எதிர்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. அது போதும்."

பிப்ரவரி இரண்டாவது வாரம். பனி குறையத் தொடங்கியிருந்தாலும் விடியற்காலையில் விரல் விறைக்கும் குளிர். மூன்று மாதம் அசையாமல் நின்ற வண்டி. உதைக்கத் தெரிந்தவருக்குக் கால் இல்லை. கால் இருப்பவருக்கு உதைக்கத் தெரியாது.

"நான் ஸ்டார்ட் பண்றேன்ப்பா. எப்படின்னு சொல்லிக் குடுங்க" என்றார் மகள்.

முதலில் யாரும் உதைக்கவில்லை

வெகுநாள் நின்ற வண்டியைப் பார்த்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். பெட்ரோல் டேப்பைத் திறந்து, சாவியைப் போட்டு, வியர்க்க வியர்க்க உதைப்போம். இருபது உதைக்குப் பிறகு, 'பேட்டரி போச்சு போல' என்று மெக்கானிக்குக்குப் போன் போடுவோம். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை பேட்டரியைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் போடக் கடையில் கொடுத்ததோடு சரி. கிக்கரை யாரும் தொடவில்லை.

இந்த மாடலில் ஸ்பார்க் வருவதற்கே பேட்டரி உதவி வேண்டும். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடும். சும்மா நிற்கும்போதும் சார்ஜ் மெதுவாகக் குறைந்துகொண்டேயிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஹாரன்கூட முனகத்தான் செய்யும்.

சனிக்கிழமை வங்கி விடுமுறை. வெயில் ஏறியதும் வண்டியை வாசலுக்குத் தள்ளிக் கொண்டுவந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டார்கள். அப்பா ஒரு நாற்காலியில், கையில் ஊன்றுகோல். மகள் தரையில், பக்கத்தில் ஸ்பேனர்கள்.

"முதல்ல டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாரு."

பெட்ரோல் வாசனையோடு வார்னிஷ் போன்ற ஒரு புளித்த நெடி. பெட்ரோல் பல பொருள்களின் கலவை. நாளாக ஆக, அதிலிருக்கும் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிவிடும். குளிரில் என்ஜின் சட்டென்று பிடிக்க உதவுவது அந்த லேசான பகுதிகள்தான். அவை போன பிறகு மிஞ்சுவதை வைத்துப் பனிக்காலையில் வண்டியை எழுப்புவது கஷ்டம்.

டேங்க்கில் பாதிதான் பெட்ரோல் இருந்தது. மீதிப் பாதி காற்று. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் அந்தக் காற்றில் உள்ள ஈரம் தகரத்தில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேப் வழியாக முதலில் கார்புரேட்டருக்குப் போவது அந்த அடித்தண்ணிதான். மகள் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், அடியில் விரல்கடை அளவுக்குத் தனியாக ஒரு படலம்.

"இதை வச்சு உதைச்சிருந்தா நாள் முழுக்க உதைச்சிருக்கணும்" என்று சிரித்தார் அப்பா.

அடுத்தது கார்புரேட்டர். நவம்பரில் டேப்பை மூடிவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஆனால், கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் நின்ற பெட்ரோல் அங்கேயே காய்ந்து பிசினாகியிருந்தது. அதற்குள் ஐட்லிங்குக்கான ஜெட் ஒன்று உண்டு. ஊசி முனை அளவு துவாரம். அதில் பிசின் அடைத்தால் ஸ்டார்ட் ஆவது சிரமம். மீறி ஸ்டார்ட் ஆனாலும் நிற்காமல் அணைந்துவிடும். மகள் கம்பி தேடினார்.

"கம்பி விடாதே கண்ணு. பித்தளை, துவாரம் பெருசாயிடும். புதுப் பெட்ரோல்ல ஊறப் போட்டு, சைக்கிள் பம்ப்பால காத்து அடி."

கார்புரேட்டருக்குக் காற்று போகும் பில்டர் பெட்டியைத் திறந்தபோது அம்மாவே வந்து பார்த்தார். உள்ளே பஞ்சும் கிழிந்த துணியுமாக ஓர் எலிக்கூடு. "போன மாசம் காணோம்னு நீ தேடினியே, அந்த சாக்ஸ்!" என்று மகளைப் பார்த்தார். எலி குடியேறியது தெரியாமல் எத்தனை முறை உதைத்தாலும் என்ஜினுக்கு மூச்சு கிடைத்திருக்காது.

ஆயிலில்தான் பலர் ஏமாறுவார்கள். பழைய புல்லட்டில் ஆயில் தங்கும் அறை தனி, என்ஜின் சுழலும் அறை தனி. வாரக்கணக்கில் நின்றால், ஆயில் மெல்லக் கசிந்து சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். அளவு குச்சியில் பார்த்தால் ஆயிலே இல்லாத மாதிரி தெரியும். அதை நம்பி ஒரு லிட்டர் ஊற்றினால், ஸ்டார்ட் ஆன பிறகு இறங்கியிருந்த ஆயிலும் மேலே வந்து, அளவு மீறி, வழி கிடைத்த இடத்திலெல்லாம் வெளியே தள்ளும். மகள் அடி போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு ஆயில் ஒரு டப்பா நிறைய இறங்கியது. எப்படியும் மாற்ற வேண்டிய ஆயில்தான். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, புது ஆயிலைக் கணக்காக ஊற்றினார்கள்.

ஸ்பார்க்குக்கு ஆணைபோடும் பாயின்ட் செட்டில் ஈரத்தால் ஒரு மங்கல் படலம். தொட்டுப் பிரியும் இரண்டு சின்ன முனைகள் அவை. உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் முனையே தேய்ந்துவிடும். அப்பா அலமாரியிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து வரச் சொன்னார். அதன் மொத்தமான ஓரத்தை நறுக்கி, முனைகளுக்கு நடுவே வைத்து இரண்டு மூன்று முறை இழுத்ததும் அட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழாத வரை இழுத்தார் மகள். பிறகு, பீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்தார்கள்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக நாலைந்து சொட்டு ஆயில் விட்டார்கள். மூன்று மாதம் உலர்ந்து நின்ற சிலிண்டர் சுவரில் பிஸ்டன் கரகரவென்று உரசக் கூடாது என்பதற்காக. பிளக் இல்லாதபோது கிக்கர் லேசாக இறங்கும். மகள் கையாலேயே அமுக்கி என்ஜினைச் சில சுற்று சுற்றவிட்டார். கடைசியாக கிளட்ச். நின்ற வண்டியில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் வண்டி குதிக்கும். கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு மூன்று முறை அழுத்தியதும், ஒட்டியிருந்த தட்டுகள் 'டக்' என்று விட்டுக்கொடுத்தன.

முள் சொல்லும் இடம்

புதுப் பெட்ரோல் ஊற்றி, சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டி, எல்லாம் முடிய மதியம் ஆகிவிட்டது. மகள் எழுந்து நின்று வலது காலை ஓங்கி ஒரு உதை விட்டார். பாறையை உதைத்த மாதிரி கிக்கர் பாதியில் நின்றது. அடுத்த உதைக்கு 'டப்' என்று ஒரு சத்தம், கிக்கர் எகிறித் திரும்பியது. நல்லவேளை, கால் தப்பியது.

"பலத்தைக் காட்டினா அதுவும் பலத்தைக் காட்டும்" என்றார் அப்பா. "நீ 48 கிலோ. அதுக்கு உள்ள இருக்கிற அழுத்தத்தை உன்னால மிதிச்சு ஜெயிக்க முடியாது. தாண்டி வைக்கணும். அது எங்க இருக்குதுன்னு இந்த முள் சொல்லும்."

ஹெட்லைட் மேலே சின்ன வட்டத்தில் ஓர் ஆம்ப் மீட்டர். முப்பது வருடம் அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த முள். சாவி போட்டதும், பாயின்ட் முனைகள் ஒட்டியிருந்தால் மின்சாரம் ஓடி முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் முனைகள் பிரியும். மின்சாரம் நிற்கும், முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த இடத்தில் ஹேண்டில்பாரின் இடது பக்கம் இருக்கும் டீகம்ப்ரஷன் லீவரை இழுக்க வேண்டும். அது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கி அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் துளி அழுத்தி, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீள மிதி. என்ஜின் ஒரு முழுச் சுற்று வேகம் எடுத்த பிறகுதான் அடுத்த அழுத்தத்தைச் சந்திக்கும். அந்த வேகமே அதைத் தாண்ட வைத்துவிடும்.

"ஆக்ஸிலேட்டர் முறுக்காதே. சோக் போட்டிருக்கிறப்போ முறுக்கினா சோக் போட்டதே வீண்."

இதற்கும் காரணம் உண்டு. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கொடுக்க சோக் இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருந்து, என்ஜின் பலமாக உறிஞ்சினால்தான் சோக் வழியாகப் பெட்ரோல் ஏறும். முறுக்கியதும் காற்று தாராளமாக உள்ளே வரும், உறிஞ்சல் குறைந்துவிடும்.

முதல் முறை முள்ளைப் பார்த்த மகள் லீவரை மறந்தார். இரண்டாம் முறை லீவரை விட மறந்தார். ஐந்தாவதா ஆறாவதா, யாரும் எண்ணவில்லை. 'டுப்... டுப்... டுப்...' என்று வண்டி விழித்துக்கொண்டது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

சைலன்சரில் முதலில் வெள்ளைப் புகை. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிறது, சற்று நேரத்தில் நின்றுவிடும். பிறகு கொஞ்சம் நீலப் புகை. சிலிண்டரில் விட்ட ஆயில் எரிகிறது. அதுவும் அடங்கியது. நீலப் புகை நிற்காமல் வந்தால்தான் மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும்.

சூடாக்கி வைக்கக் கூடாது!

அன்று இரவு சாப்பிடும்போது மகள் ஒரு யோசனை சொன்னார். "நாளைக்கு அவர் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வச்சுடலாமாப்பா? என்ஜின் சூடா இருந்தா அவர் எதிர்ல ஒரே மிதியில எடுத்துடும்."

அப்பா தலையாட்டவில்லை. "பழைய வண்டி வாங்குறவன் முதல்ல என்ஜின் மேல கைய வச்சுப் பார்ப்பான். சூடா இருந்தா, குளிர்ல எடுக்காத வண்டின்னு நினைப்பான். அவன் நினைக்காட்டியும் அது தப்பு கண்ணு. வண்டி எப்படியோ அப்படியே காட்டுவோம். எடுத்தா எடுக்கட்டும்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் அந்த இளைஞர் வந்துவிட்டார். சீட் கவர் மேல் பனி ஈரம் இன்னும் காயவில்லை. அப்பா சொன்னபடியே அவர் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டி மாதிரி இருந்தது. திருப்தியாகத் தலையசைத்தார்.

"நானே ஒரு தடவை முயற்சி பண்ணட்டுமா சார்?"

"தாராளமா தம்பி."

நல்ல உயரம், ஜிம் உடம்பு. சோக் போட்டார். ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே உதைத்தார். பத்து, பன்னிரண்டு உதை. ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மேலும் ஐந்தாறு. சமவெளியில் பழகிய பழக்கம் அது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் அதே பெட்ரோலே அதிகமாகிவிடும். சோக்கை இழுத்துவிட்டு உதைத்துக்கொண்டேயிருந்தால் பிளக் நனைந்து போகும். கொட்டகை முழுக்கப் பெட்ரோல் நெடி.

அப்பாவின் முகம் வாடியது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "ஏங்க, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

மகள் முன்னால் வந்தார். சாவியை ஆஃப் செய்தார். சோக்கை மூடினார். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு ஆறு முறை சும்மா மிதித்தார். உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி 'புஸ் புஸ்' என்று வெளியேறியது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, காயவைத்து மாட்டினார். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

பிறகு சாவி. முள் மைனஸுக்குச் சாய்ந்தது. கிக்கரை மெல்ல அழுத்தினார். முள் நடுவுக்கு வந்தது. லீவர். துளி நகர்வு. லீவரை விட்டார். கிக்கர் மேலே வந்தது.

ஒரு மிதி. எடுக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து. முள், லீவர், நகர்வு. ஆனால் இந்த முறை சோக்கைப் பாதி போட்டார். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாவது மிதிக்கு வண்டி எடுத்தது.

இளைஞர் கை தட்டினார். டீ வந்தது. என்ஜின் முணுமுணுத்துக்கொண்டிருக்க, முள் எப்படி வேலை செய்கிறது என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். டீ குடித்து முடித்ததும் அவரே ஆரம்பித்தார். "சார், பேசின தொகைக்கு நான் ரெடி. ஆனா நீங்க மனசார விக்கிறீங்களா?"

அப்பா மகளைப் பார்த்தார். "என்னைக் கேக்காதீங்க தம்பி. ஸ்டார்ட் பண்றவங்கதான் வண்டிக்குச் சொந்தக்காரங்க. அதைக் கேளுங்க."

மகள் உடனே பதில் சொல்லிவிடவில்லை. பதிவைப் புதுப்பிக்கும் செலவு, இன்ஷூரன்ஸ், எத்தனால் பட்டு இறுகிப்போகும் பழைய ரப்பர் குழாய்கள் என்று எல்லாவற்றையும் வங்கிக்காரர் மாதிரி விரல் விட்டுக் கூட்டினார். கியர் வண்டிக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால், வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று தலைகீழாக இருக்கும் இந்த வண்டியை முதலில் பழக வேண்டும். "ஒரு வருஷம் வச்சுப் பார்க்குறேன். அடுத்த பனிக்காலத்துல என்னால எடுக்க முடியலைன்னா உங்களுக்கே போன் பண்றேன்" என்றார். இளைஞர் சிரித்துக்கொண்டே நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் அந்த வண்டி வெளியே வருகிறது. ஓட்டுவது மகள். மேட்டில் கியர் மாற்றத் தடுமாறுகிறார், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கிறார். அப்பா பின்னால் உட்கார டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. வாசலில் நின்று, சத்தம் வளைவு தாண்டும் வரை கேட்டுவிட்டு உள்ளே போகிறார்.

அடுத்த பனிக்கு முன்னால்...

இந்தச் சனிக்கிழமை வேலைகளில் பாதி, நவம்பரிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு மட்டும் என்றில்லை. மகன் வெளிநாட்டுக்குப் போனதால் போர்வை போர்த்தி நிற்கும் பைக் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நிறுத்துவதற்கு முன் அதற்கும் இவை பொருந்தும்.

டேங்க்கை முழுதாக நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும், துருவும் குறையும். ரொம்ப நாள் நிற்கப்போகிறது என்றால், முழுதாக வடித்து உலர்த்திவிடுவது இன்னும் நல்லது. பாதி டேங்க்தான் மோசம்.

கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும், ஜெட் அடைக்காது.

பழைய ஆயிலோடு நிறுத்தாதீர்கள். எரிந்த ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். மாற்றிவிட்டு, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், நல்ல ஆயில் எல்லா இடத்திலும் படிந்திருக்கும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். கிக்கர் உள்ள வண்டியில், கிக்கரை மெதுவாக அழுத்தி, இறுக்கம் தெரியும் இடத்தில் விட்டுவிடுங்கள். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலை அது. ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது. சைலன்சர் வாயிலும் காற்று போகும் வழியிலும் துணி அடைத்தால் எலி வராது. எடுக்கும்போது துணியை எடுக்க மறக்காமலிருக்க, ஹேண்டில்பாரில் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள்.

'வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டா போதும்' என்று பலர் சொல்வார்கள். அது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். இரண்டு நிமிடத்தில் என்ஜின் முழுதாகச் சூடாகாது. எரியும்போது உண்டாகும் தண்ணீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். எடுத்தால் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தூங்கவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் உறுமவிடாதீர்கள். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும், மேலே ஏற நேரம் எடுக்கும். ஒரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு, சோக்கைப் படிப்படியாகக் குறைத்து, முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். குளிருக்குப் பயந்து கதவை மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஆளையே கொல்லும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பழைய வண்டிக்கும் இப்படி ஏதோ ஒரு முள், ஏதோ ஒரு லீவர், யாருக்கோ மட்டும் தெரிந்த ஒரு பக்குவம் இருக்கும். 1955-ல் இங்கிலாந்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்துத் தொடங்கி, திருவொற்றியூரில் தயாரான அந்தக் காலத்துப் புல்லட்டுகளுக்கு இன்றும் உதிரிபாகம் தேடிப் பிடித்துவிடலாம். அந்தப் பக்குவம் எந்தக் கடையிலும் கிடைக்காது. தெரிந்தவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.